துவைக்காத ஜீன்ஸ்

யாராவது ஜீன்ஸ் பேண்ட் போட்டுக்கொண்டு எதிரே வந்தால் நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், முழங்காலைத்தான் பார்ப்பேன். அங்கே நூல் தேய்ந்து, சாயம் வெளுத்து, தொட்டால் காதுமடல் போல மெத்தென்று இருக்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டிய துணி. ஒருமுறை அத்திப்பள்ளி பஸ்ஸில் ஒரு பையனின் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவன் பயந்துபோய் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான். போகட்டும், அது ஒன்றும் உசந்த துணி இல்லை. கடையிலேயே சுரண்டி வெளுத்து விற்கிற ரகம்.

நான் கல்லுக்குப் பாலிஷ் போடுகிற பேட் செய்கிறவள். பெயர் மாதேஸ்வரி. ஜூஜுவாடியில் ஹைவேக்குப் பின்னால் எங்கள் வீடு. பெரிய லாரி போனால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். சுற்றுவட்டாரத்தில் கறுப்புக் கல்லை அறுத்துச் சமாதிக்கல், சாமி பீடம், பெயர்ப்பலகை என்று செய்கிற பட்டறைகள் நிறைய. கடையில் பேட் கிடைக்காமல் இல்லை. ஆனாலும் கல்லில் முகம் தெரிகிற கடைசி மினுமினுப்புக்கு வீட்டில் செய்த துணிப் பேட்தான் வேண்டும் என்று என் வாசலுக்கு வருவார்கள். பழைய ஹவாய் செருப்பின் அடியை வட்டமாக வெட்டி, அதன்மேல் தேய்ந்த ஜீன்ஸ் துணியை இழுத்து ஒட்டி, பின்பக்கம் மெஷினைப் பிடித்துக்கொள்ள வெல்க்ரோ வைத்தால் பேட். குந்தாரப்பள்ளிச் சந்தையில் பழைய துணிக் குவியலைக் கிளறி எடுத்துவருவேன். புதுத் துணி ஆகாது. கஞ்சி இருக்கும், கல்லைப் பிடித்து இழுக்கும். ஒரு உடம்பில் கிடந்து, உட்கார்ந்து எழுந்து, வியர்வையில் ஊறி, அலசி அலசி இளைத்துப்போன துணிக்குத்தான் கல் படிந்து கொடுக்கும்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. துவைக்காத துணி பேட் ஆகக்கூடாது. இழையில் ஒரு மணல் ஒளிந்திருந்தால் போதும், நாள்கணக்கில் பாடுபட்டு ஏற்றிய பளபளப்பில் கோடு இழுத்துவிடும். அப்புறம் திரும்பவும் முரட்டுப் பேடிலிருந்து தொடங்கித் தேய்த்துக்கொண்டு வரவேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்னவன் கண்டிப்பாகக் கல் பாலிஷ்காரனாகத்தான் இருந்திருப்பான். நான் துணி ஒட்டுகிற நேரத்தில் பக்கத்து வீட்டில் வாசல் பெருக்கினால்கூடச் சும்மா இருக்க மாட்டேன். "ஏம்மா, நான் இங்க பேட் ஒட்டிக்கினு இருக்கேன், நீ அங்க புழுதிய கெளப்பிக்கினு இருக்கியா? அரை மணி கழிச்சுக் கூட்டினா உங்க ஊட்டு மகாலட்சுமி கோவிச்சுக்கினு போயிடுமா?" என்று சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்துவேன். என் வாய் தெருவுக்கே தெரியும்.

அப்படிப்பட்ட நான்தான், என் சொந்த மகனுடைய கல்லுக்கு, துவைக்காத துணியில் பேட் ஒட்டினேன்.

என் மகன் நவீன்குமார் போன வருஷம் செத்துப்போனான். காலை ஷிப்டுக்குப் பைக்கில் கிளம்பியவனை ஹைவேயில் லாரி அடித்துவிட்டது. கம்பெனியில் இரும்பு கடைகிற மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். அதே கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலையில் இருந்த ஸ்வாதியை விரும்பிக் கட்டிக்கொண்டான். அவளுக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அவள் 'எம்புட்டு' என்றால் நாங்கள் சிரிப்போம். நாங்கள் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடித்தால் அவள் முழிப்பாள். சண்டை போடுவதற்கு மட்டும் எங்களுக்குப் பாஷை இடைஞ்சலாக இருந்ததில்லை. மாமியார் மருமகள் சண்டை எங்கள் வீட்டில் முதல் வாரத்திலேயே நன்றாகப் பழகிவிட்டது.

அவன் செத்த அன்று காலையிலும் சண்டைதான். ஒரு ஜீன்ஸைப் பற்றி. முந்தின நாள் ஷிப்ட் முடிந்து வந்து ஆணியில் மாட்டியது, மாட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. "ஊரான் பேண்டெல்லாம் நான் தொவைக்கிறேன். கட்டினவன் பேண்ட நீ தொவைக்க மாட்டியா? என்னா வளர்த்தாங்களோ!" என்று கத்தினேன். "தொவைக்கிறேன்னு சொன்னேன்ல அத்தை, இன்னிக்கே தொவைக்கணும்னு சட்டமா?" என்று அவளும் விடவில்லை. அவன் வேறு பேண்டை மாட்டிக்கொண்டு, "சாயங்காலம் வந்து நானே தொவைக்கிறேன், ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். சாயங்காலம் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

காரியம் முடிந்ததும் அவன் துணிமணியை எல்லாம் மூட்டை கட்டிக் கெலவரப்பள்ளிக்குக் கொண்டுபோய் ஆற்றில் விட்டார்கள். மூட்டையில் அந்த ஜீன்ஸ் இல்லை. நான் கவனித்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஸ்வாதி அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். சில மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொள்வாள். கவர் பிரிகிற சத்தம் சரசரவென்று கேட்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முடிச்சுப் போடுகிற சத்தம். ரொம்ப நேரம் திறந்து வைத்தால் வாசனை போய்விடும் என்று அவளுக்குப் பயம். நான் அந்த நேரத்தில் சமையலறையில் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பேன்.

வருஷத் திதி நெருங்கியது. அன்றைக்குச் சமாதியில் கல் நட்டே ஆகவேண்டும் என்று என் வீட்டுக்காரர் திம்மப்பன் ஒற்றைக்காலில் நின்றார். வயசெல்லாம் கல் பட்டறையிலேயே கழித்தவர். இப்போது வேலைக்குப் போவதில்லை. நுரையீரல் முழுக்கக் கல் தூசி படிந்திருக்கிறது, இனிமேல் கல் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தெருமுனை டீக்கடைக்குப் போய்த் திரும்பினாலே வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். பழைய முதலாளி, மூலை உடைந்ததென்று ஏற்றுமதியில் தள்ளிய கறுப்புக் கல்லில் ஒரு துண்டு கொடுத்தார். என் இடுப்பு உயரம் இருக்கும். மாசு மரு இல்லாத நல்ல கல்.

"வேற ஆள வெச்சுப் போட்டுக்கலாம்யா. நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கோ" என்றேன்.

"என் பையன் கல்லுல இன்னொருத்தன் கை வெக்கிறதா? பேடா" என்றார்.

கன்னடத்தில் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஆனால் அவரிடம் மிச்சமிருக்கிற மூச்சு ஒரு கல்லுக்குத்தான் வரும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டையொட்டித் தகரம் போட்ட கொட்டகையில் கல்லைக் கிடத்தினார். ஸ்வாதி தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டாள். முரட்டுப் பேடில் தொடங்கி, அதைவிட நைசான பேட் என்று ஒவ்வொரு நம்பராக ஏற்றிக்கொண்டே வந்தார். நாலு வட்டம் தேய்ப்பார், மெஷினை அணைப்பார், சுவரில் சாய்ந்து மீன் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்குவார். மறுபடியும் குனிவார். நான் திட்டுவேன். அவருக்குப் பதில் சொல்லக்கூட மூச்சு இருக்காது. கல் மட்டும் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது. அது கண்ணாடி ஆனால்தான் முனிவேல் வந்து முகம் பொறிக்க முடியும். முனிவேல் ஊசி மாதிரி உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, போட்டோவில் இருக்கிற ஆளைக் கல்லில் அப்படியே கொண்டுவந்துவிடுவான். வியாழக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை திதி.

புதன்கிழமை ஸ்வாதியின் அப்பா வெள்ளைச்சாமி ஊரிலிருந்து வந்து இறங்கினார். காபியைக் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"தெவசம் முடிஞ்சதும் புள்ளைய அழைச்சுட்டுப் போகலாம்னு இருக்கோம் சம்பந்தியம்மா. தெரிஞ்ச எடத்துல கேக்குறாக. அவுகளுக்கும் எல்லாம் தெரியும். அவளுக்கு இன்னும் எம்புட்டு வயசு கெடக்கு..."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குக் கோபம். தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். "நல்லதுதானே, கூட்டிக்கினு போங்க" என்று சொல்லிவிட்டு, ஏற்கனவே கழுவிக் கவிழ்த்த குண்டானை எடுத்து மறுபடியும் தேய்த்தேன். போகாதேடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் நீளுகிற வாய்தான் இது.

வியாழக்கிழமை காலையில் கல் கடைசி மெருகுக்குத் தயாராக இருந்தது. அதற்கென்று நல்ல முழங்கால் துணி ஒன்றைத் துவைத்துக் காயவைத்து எடுத்து வைத்திருந்தேன். செருப்படியை வட்டம் வெட்டிக்கொண்டிருந்தபோது ஸ்வாதி வந்து பக்கத்தில் குந்தினாள். கையில் அந்தக் கவர்.

"அத்தை, கடைசிப் பேட்டுக்கு இத எடுத்துக்கங்க."

எனக்குக் கத்தரிக்கோல் கையிலேயே நின்றது. "இத எதுக்குடி குடுக்கிற? வெச்சிக்கோ."

"எங்க வைக்கிறது? அங்க கொண்டுபோக முடியாது. நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போனா எந்தப் பீரோவுல வைப்பேன்? தூக்கிப் போடவும் கை வர மாட்டேங்குது. அவுக கல்லோடவே போயிரட்டும் அத்தை."

நான் கவரை வாங்கிக்கொண்டேன். "தொவைச்சியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், எவரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"தொவைச்சுட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து கொட்டகைக்குப் போனாள்.

முடிச்சை அவிழ்த்தேன். வாழ்க்கையில் எத்தனை ஜீன்ஸ் துவைத்தவள் நான்! துவைத்த துணி எது, கழற்றிப் போட்ட துணி எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். முழங்கால் இரண்டும் இன்னும் அவன் முட்டி மாதிரியே புடைத்துக்கொண்டிருந்தன. மடியில் வைத்தேன். மெஷின் எண்ணெய், வியர்வை, அவன் அடித்துக்கொள்கிற மட்டமான சென்ட். ஐயோ, என் பிள்ளை. ஒரு வருஷம் கழித்து என் பிள்ளை வந்து என் மடியில் உட்கார்ந்துவிட்டான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன், கொட்டகைக்குக் கேட்கக்கூடாது என்று.

எழுந்து போய்த் துவைத்திருக்க வேண்டும். குழாய் அங்கேதான் இருக்கிறது, வாளியில் தண்ணீர் இருக்கிறது, சோப்பு இருக்கிறது. அடுத்தவளாக இருந்தால் என்ன திட்டுத் திட்டியிருப்பேன்! ஆனால் சோப்பு நுரையோடு என் மகன் சாக்கடையில் ஓடுவதை என்னால் பார்க்க முடியாது. கல்லில் போகட்டும், அது அவன் கல், என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். துணியை உதறினேன். பிரஷ் போட்டேன். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்தேன். விரல் நுனியால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. வலது முழங்காலை வெட்டி எடுத்து ஒட்டினேன். பசை காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

திம்மப்பன் அதை வாங்கி மெஷினில் பொருத்தினார். யாருடைய துணி என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த ஜீன்ஸ் ஆற்றோடு போகவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. வெள்ளைப் பாலிஷ் பவுடரைத் தண்ணீரில் குழைத்துக் கல்லில் தடவி மெஷினை வைத்தார்.

அந்த மாதிரி ஒரு மினுக்கம் நான் பார்த்ததில்லை. பவுடர் ஒதுங்க ஒதுங்க, கல்லுக்குள் கொட்டகையின் தகரம் தெரிந்தது, தகரத்து ஓட்டையில் வருகிற வெயில் தெரிந்தது, குழாய் பிடித்திருக்கிற ஸ்வாதியின் கை தெரிந்தது. வெள்ளைச்சாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஆத்தாடி, இதுல பாத்துத் தலையே சீவலாம் போலயே" என்றார். திம்மப்பன் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். எனக்குக்கூட வயிறு குளிர்ந்தது. ஒன்றும் ஆகாது, அவன் தன் கல்லுக்குத் தானே கெடுதல் பண்ணிக்கொள்வானா என்று நினைத்தேன்.

'கிர்ர்' என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. வேறு யாராவது என்றால் கவனித்திருக்கவே மாட்டார்கள். திம்மப்பனின் தோள் தூக்கிப் போட்டது. மெஷினை அணைத்தார். பழைய வேட்டித் துணியால் கல்லைத் துடைத்தார். நடுக் கல்லில், முகம் வரவேண்டிய இடத்தில், அரிவாளால் கீறின மாதிரி வளைந்து வளைந்து வெள்ளைக் கோடுகள்.

ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"யாரு மாடித்து இது?" என்றார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் முதலில் வரும். பிறகு என்னைப் பார்த்து, "யாரு பண்ணது? எந்தத் துணி இது? தொவைச்சியா இல்லியா? இத்தினி வருசமா பேட் ஒட்டறவ..." என்று தொடங்கி இருமலில் சிக்கிக்கொண்டார். இருமிக்கொண்டே கல்லை ஓங்கி அறைந்தார்.

"நான்தான் மாமா" என்றாள் ஸ்வாதி. குழாயைக் கீழே போட்டுவிட்டாள், தண்ணீர் அது பாட்டுக்குக் காலில் ஓடியது. "தொவைக்கவே இல்ல. அத்தைகிட்டப் பொய் சொல்லிக் குடுத்தேன்."

"அவ சொல்றதக் கேக்காதய்யா. அவ பொய் சொன்னது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒட்டினேன்."

ஸ்வாதி திரும்பி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

திம்மப்பன் பேடைப் பிய்த்தெடுத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். என் தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கைக் கேட்டு வாங்கி, இழைக்குள் விட்டு நெம்பினார். கடுகில் பாதி இருக்கும், பொன் நிறத்தில் ஒரு துணுக்கு அவர் விரல் நுனிக்கு வந்தது. மணல் இல்லை, கல்லும் இல்லை. அவருக்கே அது என்னவென்று தெரியவில்லை.

ஸ்வாதி குனிந்து பார்த்தாள். "இன்சர்ட் துணுக்கு மாமா. இரும்பு கடையிற கூர். மெஷின் ஓடயில ஒடைஞ்சா தெறிக்கும். அவுக சட்டையில, பேண்ட்ல எல்லாம் ஏறியிருக்கும். தொவைக்கிறதுக்கு முந்தி நான் வெளிச்சத்துல வச்சுப் பொறுக்குவேன்."

"இது நவீனு துணியா?" என்றார்.

நாங்கள் இருவரும் தலையை மட்டும் அசைத்தோம். அவர் அந்தத் துணுக்கை விரலிலேயே வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் பேடைத் தூக்கி மூக்கில் வைத்தார். மூச்சை இழுத்தார். இழுக்க முடிந்த மட்டும் இழுத்தார். "ஒண்ணும் வரலியே" என்றார். வெறும் பவுடரும் கல் தண்ணீரும் நாறியிருக்கும், வேறென்ன வரும்? ஒரு வருஷமாக அவள் முகர்ந்தாள். அன்று காலையில் நான் முகர்ந்தேன். பெற்ற தகப்பனுக்குக் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வெள்ளைச்சாமிதான் மெதுவாகப் பேச்செடுத்தார். "சம்பந்தி, மொகம் பொறிச்சா கோடு தெரியாதுங்க. இப்படியே விட்ருங்க. நீங்க மூச்சு வாங்குறதப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

எனக்கும் அதே நினைப்புதான். "ஆமாய்யா, இருந்தா இருந்துட்டுப் போவட்டும். யாரு வந்து பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறாங்க? ஒரு பையனத்தான் புதைச்சேன், உன்னையும் புதைக்கச் சொல்றியா?" என்று கத்தினேன்.

"என் பையன் மூஞ்சில கோடா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தும் கேட்காமல் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். நாங்கள் பார்க்கவில்லை. எங்களுக்கு அந்த முகம் இன்னும் சிரித்துக்கொண்டே வண்டி எடுத்த முகம்தான்.

ராத்திரியெல்லாம் உட்கார்ந்தாவது முடித்துவிடுவதாகவும், முனிவேலுக்குப் போன் போட்டு நாளைச் சாயங்காலம் வரச்சொல்லவும் சொன்னார். பேட் போட்டு வைக்கிற பச்சை வாளியிலிருந்து முரட்டுப் பேடை எடுத்து மெஷினில் பொருத்தினார். பளபளவென்று இருந்த கல்லின்மேல் அதை வைத்தார். ஒரு வாரத்துப் பாடு கண்ணெதிரே சாம்பல் பூத்துப் போயிற்று. நாலு வட்டம் போவதற்குள் மெஷினை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தார்.

"கடைசிக்கு இன்னொரு பேட் வேணும்" என்றார், மூச்சுக்கு நடுவில். "அவன் துணியிலயே பண்ணு. தொவைச்சுப் பண்ணு."

ஸ்வாதி உள்ளே போய் மிச்ச ஜீன்ஸை எடுத்துவந்தாள். என்னிடம் கொடுக்கவில்லை. நேராக அவரிடம் கொண்டுபோய், அதன் இடது காலை மடித்து அவர் கையில் வைத்தாள். அவர் முகத்தை அதில் புதைத்தார். தோள் குலுங்கியது. இருமலா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான் இருக்கும். வெள்ளைச்சாமி வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். ரொம்ப நேரம் கழித்துத் திம்மப்பன் துணியை என்னிடம் நீட்டினார்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். வாளித் தண்ணீரில் அமுக்கியதும் எண்ணெய் மேலே மிதந்து வந்தது. ஸ்வாதி எதிரே குந்தி, முட்டியைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோப்பை எடுத்தேன்.

"அத்தை, சோப்பு கொஞ்சமாப் போடுங்க."

சரி என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கசக்கியும் கசக்காமலும் அலசினேன். ஒரு தண்ணீர் போயிற்று. சுவரோரமாக ஓடிச் சாக்கடையில் விழுந்தது. முழங்காலில் புடைப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது. அவள் கை நீட்டி அதைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். கொட்டகையில் மெஷின் ஓடியது, நின்றது, ஓடியது. நிற்கும்போதெல்லாம் நாங்களும் கையை நிறுத்திக் காதைக் கொடுத்தோம்.

இந்த முறை நின்றது, ஓடவில்லை. இருமல் மட்டும் கேட்டது. ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவில் மூச்சு இழுக்கிற சத்தம்கூட இல்லை. நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது "ர்ர்ர்" என்று மெஷின் மறுபடியும் ஓடியது, முன்னைவிட மெதுவாக, கல்லில் சரியாகப் பதியாமல். இன்னொரு முறை கோடு விழுந்தால் அவரால் எழுந்திருக்க முடியாது. அதை நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஸ்வாதி சட்டென்று என் கையிலிருந்து சோப்பைப் பிடுங்கினாள். "தள்ளுங்க அத்தை" என்றாள். ஜீன்ஸைக் கல்லில் விரித்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் சோப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். தையலைப் பிரித்துப் பிரித்து பிரஷ் போட்டாள். ஓங்கி ஓங்கி அடித்தாள். நுரை அவள் முகத்திலெல்லாம் தெறித்தது, அவள் துடைக்கவில்லை. மூக்கில் வைத்துப் பார்க்கவும் இல்லை. "தண்ணி ஊத்துங்க அத்தை, இன்னும் ஊத்துங்க" என்று அழுதுகொண்டே கத்தினாள். என்னைவிடச் சத்தமாக எங்கள் வீட்டில் ஒருத்தி கத்தியது அன்றைக்குத்தான்.

போன வருஷம் அந்தக் காலையில் நான் திட்டித் திட்டிச் சொன்ன வேலை அது. இப்போது அவள் செய்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.